அத்தியாயம் 5: ஸ்விட்சுக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு

கல்யாணம் நின்று போவதற்கு எத்தனையோ காரணங்களைச் சீனி முகம்மது கேள்விப்பட்டிருக்கிறான். ஜாதகம் ஒத்துவரவில்லை, பந்தலில் சண்டை, மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் ஒரு தொடர்பு. மாப்பிள்ளை மாட்டிக் கொடுத்த கம்ப்யூட்டர் அணைந்து அணைந்து போகிறது என்பதற்காக ஒரு நிச்சயதார்த்தம் நிற்கப் போவதை அந்த வியாழக்கிழமை காலையில்தான் முதன்முதலாகக் கேட்டான்.

சொன்னவன் தனேஷ். வயது இருபத்தெட்டு. கொம்தார் கட்டடத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான். தெரேசாவின் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, முன்னால் வைத்த காப்பி ஆறிப் போவதுகூடத் தெரியாமல் கதையைக் கொட்டிக்கொண்டிருந்தான்.

"ஞாயித்துக்கெழம நிச்சயம் அக்கா. மண்டபம் சொல்லியாச்சு. நூத்தம்பது பேருக்குச் சாப்பாடும் சொல்லியாச்சு. நேத்து ரூபினியோட அப்பா போன் பண்ணி, சனிக்கெழமைக்குள்ள அந்தக் கம்ப்யூட்டர் ஒழுங்கா ஓடலன்னா யாரும் வர வேணாம்னுட்டாரு. போன மாசம் வரைக்கும் என்னைய மாப்ள மாப்ளன்னு கூப்புட்டவரு. இப்ப 'கம்ப்யூட்டர் கடைப் பையன்'னு சொல்றாரு."

"நீங்க கம்ப்யூட்டர் கடைப் பையன்தானே?" என்றான் சீனி.

"அது எனக்குத் தெரியும் அண்ணே. அவரு சொல்றப்ப வேற மாதிரி இருக்கு."

தெரேசா சீனியை ஒரு பார்வை பார்த்தார். இருபத்திரண்டு வருஷம் காப்புறுதிக் கம்பெனியில் பொய்க் கணக்குகளைக் கண்டுபிடித்த பார்வை அது. எரியாத கடை எரிந்ததாகவும், முட்டாத கார் முட்டியதாகவும் சொன்னவர்கள் எல்லாரும் அந்தப் பார்வைக்குத்தான் கடைசியில் உண்மையைச் சொன்னார்கள். ஐம்பத்திரண்டு வயதில் வேலையை விட்டுவிட்டு ஜெலுத்தோங்கில் ஒரு முடிதிருத்தும் கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தவர், உதவிக்குச் சீனியை வைத்துக்கொண்டார். சீனியின் வாயைச் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்பது அவருக்கு அப்போது தெரியாது.

"கம்ப்யூட்டர்ல என்னா செஞ்சீங்க? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

தனேஷ் சொன்னான். ரூபினி அனிமேஷன் செய்கிறவள். வீட்டிலிருந்தே வேலை. வரைந்ததையெல்லாம் சேர்த்துக் கம்ப்யூட்டர் முழுப் படமாக உருவாக்க வேண்டும். அதற்கு ரெண்டர் என்று பெயர். பழைய கிராஃபிக்ஸ் கார்டில் அது மணிக்கணக்காக இழுத்தது. அதனால் பெரிய கார்டு ஒன்று வாங்கினார்கள். பெரிய கார்டுக்குப் பழைய பவர் சப்ளை தாங்காது. பவர் சப்ளை என்றால் சுவரிலிருந்து வருகிற கரண்டை வாங்கிக் கம்ப்யூட்டரின் ஒவ்வொரு உறுப்புக்கும் பிரித்துக் கொடுக்கிற இரும்புப் பெட்டி.

"கார்டு முந்நூறு வாட் இழுக்கும். பிராசசர் நூத்தி இருவத்தஞ்சு. மத்தது எழுவத்தஞ்சு. மொத்தம் ஐந்நூறு. ஆனா கார்டு சும்மா இருக்காதுக்கா, திடீர் திடீர்னு எகிறும். அதுக்கும் எடம் விட்டு எழுநூத்தம்பது போட்டேன். நல்ல சாமான். என் கணக்கு தப்பாது."

"எப்ப மாட்டுனீங்க?"

"ஆயுத பூசை புதன்கெழம. நான் பாசாங் பண்ணி மாட்டுனது சனிக்கெழம. ஞாயித்துக்கெழம ரெண்டு மணி நேரம் நிக்காம ரெண்டர் ஓடிச்சு. திங்கக்கெழம சாயங்காலத்துலேர்ந்து, ரெண்டர் ஆரம்பிச்ச ஒரு நிமிஷத்துல டப்புன்னு அணைஞ்சிடுது. ரூபினிக்கு ஒரு வேலையே கையை விட்டுப் போச்சு. நான் போய்த் திறந்து பாக்கறேன்னா, அவுங்க அப்பா படியேற விட மாட்டேங்கிறாரு. வெளி ஆளு யாராச்சும் வந்து பாக்கட்டும்னு கோவத்துல ஒரு வார்த்த விட்டாரு. ரூபினி அதக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டா."

"அந்த வெளி ஆளு நாங்க," என்றார் தெரேசா. எழுந்து குடையை எடுத்தார். "ரூபினி கம்ப்யூட்டர்லேர்ந்து கழட்டின பழைய பவர் சப்ளை எங்க?"

"கடையில கெடக்கு."

"அத எடுத்துக்கிட்டு வந்து, அவுங்க பிளாட்டுக்குக் கீழ இருக்கற சாப்பாட்டுக் கடையில உக்காருங்க. நான் கூப்புட்டா மேல வாங்க."

"பழசு எதுக்கு அக்கா?"

"ரெண்டு பக்கமும் கேக்காம நான் எப்ப தீர்ப்பு சொல்லிருக்கேன்?"

பழைய இரும்புப் பெட்டி எந்தப் பக்கத்துச் சாட்சி என்று சீனிக்கு விளங்கவில்லை. விளங்காதபோது அவன் வழக்கமாகச் செய்வதையே செய்தான். ஆறிப்போன தனேஷின் காப்பியை எடுத்துக் குடித்தான்.

*

ரூபினியின் வீடும் ஜெலுத்தோங்கில்தான். பாசார் சந்தை தாண்டி, மோட்டார் பட்டறைகளுக்குப் பின்னால் நிற்கிற பிளாட்டில் ஒன்பதாவது மாடி. லிஃப்ட் ஒற்றைப்படை மாடிகளில் நிற்காது என்று எழுதி ஒட்டியிருந்ததால் பத்தில் இறங்கி ஒரு மாடி நடந்து வந்தார்கள்.

இரும்புக் கதவோரம் அழைப்பு மணி. மணி சுவிட்சுக்குப் பக்கத்தில் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் இட்டிருந்தது. காய்ந்து வெடித்திருந்தாலும் பொட்டு பொட்டாகவே இருந்தது. சீனி அதைத் தொடாமல் சுற்றி விரலைக் கொண்டுபோய் மணியடித்தான்.

கதவைத் திறந்தவள் ரூபினி. அழுது ஓய்ந்த கண்கள். பின்னால் சோபாவில், வெள்ளை பனியனும் கைலியுமாக, அப்பா பக்கிரிசாமி. அறுபத்திரண்டு வயதில் நல்ல வாட்டசாட்டம். முப்பது வருஷம் பட்டர்வொர்த்திலிருந்து ஈப்போ வழியாகக் கோலாலம்பூருக்கு எக்ஸ்பிரஸ் பஸ் ஓட்டியவர். கண்ணில் நீர் அழுத்தம் வந்து இரண்டு வருஷத்துக்கு முன்னால் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று தனேஷ் சொல்லியிருந்தான்.

"வாங்க மேடம். நீங்களே பாருங்க," என்றார் பக்கிரிசாமி. "ஒரு பொட்டிய ஒழுங்கா மாட்டத் தெரியாதவன் நாளைக்கு ஒரு குடும்பத்த எப்படி லா இழுப்பான்? நான் முப்பது வருசத்துல ஒருத்தர நடு ரோட்டுல எறக்கி விட்டதில்ல."

"அப்பா," என்றாள் ரூபினி.

"நீ சும்மா இரு."

அம்மா வள்ளியம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஒல்லியான உடம்பு, சிரிப்பை உதட்டுக்குள்ளேயே வைத்திருக்கிற முகம். தண்ணீரை வாங்கிய சீனியின் கண் வீட்டைச் சுற்றியது. மின்விசிறி சுவிட்சுக்குப் பக்கத்தில் பொட்டு. சோற்றுக் குக்கரின் பித்தானுக்குப் பக்கத்தில் பொட்டு. சமையலறை ஓரத்தில் துணி துவைக்கிற மெஷினிலும் அதே இடத்தில் பொட்டு. மூன்று அறைகளில் ஒன்றின் கதவு மட்டும் பூட்டியிருந்தது.

"என்னா ஆண்ட்டி, இந்த வீட்டுல சுவிட்சுக்கெல்லாம் நெத்தி இருக்கு?" என்றான்.

வள்ளியம்மாவின் சிரிப்பு கொஞ்சம் வெளியே வந்தது. "ஆயுத பூசைக்கு வச்சது தம்பி. எல்லாரும் மெஷினோட மூஞ்சியில வப்பாங்க. எங்க வீட்டுக்காரரு உசுரு எங்க இருக்கோ அங்கதான் பொட்டு வைக்கணும்பாரு. பஸ்ஸுலகூடச் சாவி போடற எடத்துலதான் வப்பாரு."

"போன வருசத்துப் பொட்டும் இருக்குமா?" தெரேசா கேட்டார்.

"அதெப்படி? எல்லாத்தையும் தொடச்சு எடுத்துட்டுத்தானே புதுசா வைக்கிறது. ஒரு பழைய பொட்டு இருக்காது."

தெரேசா தலையாட்டிவிட்டுத் தண்ணீரைக் குடித்து முடித்தார். அந்தத் தலையாட்டலைச் சீனிக்குத் தெரியும். எதையோ எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார் என்று அர்த்தம்.

*

ரூபினியின் அறை சின்னது. மேசைக்கடியில் கறுப்புக் கம்ப்யூட்டர். அவள் கழுத்தில் கிடந்த ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு படத்தைத் திறந்தாள். ஒரு தவளை ஓடத்தில் போகிற படம்.

"இப்ப நல்லாத்தான் இருக்கும் ஆண்ட்டி. படம் வரையலாம், பாட்டு கேக்கலாம், ஒண்ணும் ஆகாது. ரெண்டர் அழுத்துனாத்தான்."

அழுத்தினாள். உள்ளே விசிறிகள் மூச்சு வாங்கத் தொடங்கின. சத்தம் ஏறிக்கொண்டே போனது. சீனி மனதுக்குள் எண்ணினான். நாற்பத்து மூன்றில் டப். திரை கறுத்தது, தவளை போய்விட்டது.

"பார்த்தீங்களா?" வாசலில் நின்ற பக்கிரிசாமியின் குரலில் வெற்றி இருந்தது. ஆனால் அவர் திரையைப் பார்க்காமல் மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததைச் சீனி கவனித்தான்.

"திங்கக்கெழம பகல்ல நீ எங்கம்மா இருந்தே?" தெரேசா ரூபினியிடம் கேட்டார்.

"பாயான் லெப்பாஸ்ல ஒரு மீட்டிங். காலையில போயிட்டுச் சாயங்காலம் வந்தேன்."

"வீட்டுல?"

"அப்பாவும் அம்மாவும்தான்."

"சீனி, தொறங்க."

சீனி கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்துப் பக்கத் தகட்டைக் கழற்றினான். பவர் சப்ளை அடியில் ஒரு மூடிக்குள் ஒளிந்திருந்தது. மூடியை எடுத்து, திருகுகளைத் தளர்த்தி, பெட்டியைச் சாய்த்து ஒட்டியிருந்த தாளைப் படித்தான். மறுபடியும் படித்தான்.

"அக்கா. இதுல நானூத்தம்பதுன்னு போட்டிருக்கு."

தனேஷ் சொன்னது எழுநூற்றைம்பது.

"இன்னொண்ணு. கார்டுக்குப் போற வயரு நேரா வரல. ரெண்டு சின்ன வயரச் சேத்து ஒண்ணாக்கற ஒட்டு வயரு போட்டு இழுத்திருக்கு."

"கேட்டியா?" என்றார் பக்கிரிசாமி. "கார்டு பெருசு, பெட்டி சின்னது. உன்னையவே ஏமாத்திட்டான் பாரு."

ரூபினி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். சீனிக்குச் சங்கடமாக இருந்தது. அதைவிடப் பெரிய சங்கடம் பெட்டியின் பின்பக்கத்தில் காத்திருந்தது. வெளியே தெரிகிற அந்தப் பக்கத்தில், ஆன் ஆஃப் சுவிட்சுக்கு ஒட்டினாற்போல், காய்ந்த சந்தனமும் அதன் நடுவில் குங்குமமும்.

அவன் தெரேசாவின் காதருகே போனான். "அக்கா, நம்ம கேஸு முடிஞ்சிருச்சு. பொட்டு வச்சது புதன்கெழம. தனேஷ் வந்தது சனிக்கெழம. சனிக்கெழம வந்த பெட்டியில புதன்கெழம பொட்டு எப்படி இருக்கும்? இது அவுங்க பழைய பெட்டி. அவன் மாத்தவே இல்ல. நம்மள வேலைக்கு வச்சவனே திருடன். ஃபீஸ மொதல்லயே வாங்கிருக்கணும்."

"நல்லாத்தான் யோசிக்கிறீங்க சீனி."

"தேங்க்ஸ் அக்கா."

"பாதி வரைக்கும். தனேஷக் கூப்புடுங்க."

*

பக்கிரிசாமி வாசலை மறித்துக்கொண்டுதான் நின்றார். தெரேசா "வெளி ஆளு தீர்ப்பு சொல்லணும்னா ரெண்டு பக்கமும் இருக்கணும் அண்ணே," என்றதும் வேண்டாவெறுப்பாக நகர்ந்தார். தனேஷ் பத்தாவது மாடியிலிருந்து இறங்கி ஓடி வந்திருந்தான். கையில் சிவப்புப் பிளாஸ்டிக் பை.

நானூற்றைம்பது என்று கேட்டதும் அவன் முகம் வெளுத்தது. கம்ப்யூட்டரிடம் குனிந்து ஒட்டு வயரைத் தொட்டான். "இது நான் போட்டது இல்லக்கா. கார்டோட பெட்டிக்குள்ள வந்த வயரு. நான் ஒட்டு வயரு போட மாட்டேன். ரூபினி, சத்தியமா."

"சத்தியம் வேணாம். பைய மேசை மேல கவுங்க," என்றார் தெரேசா.

பைக்குள்ளிருந்து பழைய பவர் சப்ளை வந்தது. தாளில் ஐந்நூறு. தெரேசா அதை மெதுவாகத் திருப்பினார். சுவிட்சுக்குப் பக்கத்தில், காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம்.

சீனி தன் மூளையை மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டியதாயிற்று.

"பூசையன்னிக்கு ரூபினி கம்ப்யூட்டர்ல இருந்தது இந்த ஐந்நூறு," என்றார் தெரேசா. "பொட்டு இருக்கு, சரி. சனிக்கெழம தனேஷ் இதக் கழட்டி எடுத்துட்டுப் போயிட்டாரு. இப்ப உள்ள இருக்கற நானூத்தம்பதுலயும் அதே பூசைப் பொட்டு, அதே எடத்துல. இது தனேஷ் கடைச் சரக்கு இல்ல. பூசையன்னிக்கு இதே வீட்டுல இருந்த பெட்டி. ஒரு கம்ப்யூட்டருக்கு எப்படி ரெண்டு உசுரு?"

"ஆனா எங்க வீட்டுல ஒரு கம்ப்யூட்டர்தான் ஆண்ட்டி இருக்கு," என்றாள் ரூபினி.

வள்ளியம்மா அடுப்பில் ஏதோ கொதிக்கிறது என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனார். அடுப்பே பற்றவைக்கவில்லை என்பது சீனி நின்ற இடத்திலிருந்து நன்றாகத் தெரிந்தது.

"ரூபினி, உன்னோட பழைய கிராஃபிக்ஸ் கார்டு எங்க?"

"அலமாரி மேல இருக்கு. விக்கலாம்னு அதோட பெட்டியிலயே போட்டு வச்சேன்."

சீனி எட்டி எடுத்தான். கையில் கனமாகத்தான் இருந்தது. ஆட்டியபோது உள்ளிருந்து சலசலவென்று சத்தம் வந்தது. திறந்தால், கார்டு இல்லை. ஒரு கிலோ பச்சைப்பயறு, பிளாஸ்டிக் பையில், வாயைச் சுருட்டி இரண்டு ரப்பர் வளையம் போட்டு இறுக்கியிருந்தது.

"ரெண்டு நாளு தண்ணி தெளிச்சா கார்டு முளைச்சிடும்," என்றான் சீனி.

தெரேசா சிரிக்கவில்லை. எட்டிச் சமையலறை அலமாரித் தட்டைப் பார்த்தார். அங்கே கடலைப்பருப்பு, உளுந்து, வெந்தயம் எல்லாம் வரிசையாக, ஒவ்வொன்றிலும் இரண்டு ரப்பர் வளையம். வள்ளியம்மா முதுகைக் காட்டியபடி காலிப் பாத்திரத்தைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

தனேஷுக்கும் ரூபினிக்கும் ஒன்றும் புரியவில்லை. பக்கிரிசாமி சோபாவில் போய் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரர் மாதிரி உட்கார்ந்திருந்த மனிதர் இப்போது விருந்தாளி மாதிரி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

தெரேசா அவர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டார். "அண்ணே, உங்களுக்குத் தெரிஞ்ச விஷயத்துல ஒரு சந்தேகம். காலி பஸ்ஸு சமதரையில ஓடுது. எந்த எஞ்சின் போட்டாலும் ஓடுமா?"

"ஓடும்."

"அதே பஸ்ஸு நாப்பது பேரு, மூட்ட முடிச்சு, ஏர்கான் எல்லாத்தோடயும் மலை ஏறுது. எஞ்சின் சின்னது."

பக்கிரிசாமி தரையைப் பார்த்தார். "ஏத்தத்துல செத்துடும்."

"படம் வரையறது சமதரை. ரெண்டர் ஏத்தம். நாப்பத்தி மூணு செகண்டுல உங்க மகளோட பஸ்ஸு ஏத்தத்துல செத்துப் போவுது. எஞ்சின மாத்தினது கம்ப்யூட்டர் கடைப் பையன் இல்ல." தெரேசாவின் குரலில் கோபம் இல்லை. "அந்த மூணாவது ரூமு கதவ நீங்களே தொறக்கறீங்களா?"

"அது சாமான் ரூமு," என்றாள் ரூபினி. "பழைய சாமான்தான் கெடக்கு. சாவி அப்பாகிட்ட."

பக்கிரிசாமி கைலியின் மடிப்பிலிருந்து சாவியை எடுத்தார்.

*

பழைய சாமான்கள் சுவரோரமாக அடுக்கித் தள்ளப்பட்டிருந்தன. நடுவில் ஒரு மேசை, அதன்மேல் பெரிய திரை. மேசை விளிம்பில் இறுக்கிப் பூட்டிய ஸ்டீயரிங். கீழே மூன்று மிதிகள். லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் வாங்கிய கம்ப்யூட்டர் ஒன்று வயிறு திறந்து கிடந்தது. அதன் வயிற்றில் ரூபினியின் பழைய கார்டும், தனேஷ் கொண்டுவந்த எழுநூற்றைம்பதும் பளபளவென்று இருந்தன. ஸ்டீயரிங்கின் நடுவில் ஒரு பொட்டு.

ஓரத்தில் ஒரு முருகன் படம், பஸ் டிரைவர் இருக்கைக்கு மேலே எப்படி இருக்குமோ அதே உயரத்தில்.

"பஸ் ஓட்டற கேமு," என்றார் பக்கிரிசாமி. யாரையும் பார்க்காமல் பேசினார். "லைசென்ஸ் போனப்பறம் காலையில எந்திரிச்சா கை சும்மா இருக்காது. சோத்துத் தட்டைக்கூடத் திருப்பிக்கிட்டே இருப்பேன். இத வாங்கினேன். மூணு மணிக்குக் கெளம்புவேன். பழைய கம்ப்யூட்டர்ல ரோடு சரியாத் தெரியாது, எல்லாம் மங்கலா இருக்கும். எங் கண்ணு மாதிரியே. பாப்பா கார்டு மாத்தினப்ப, பழசு சும்மாத்தானே கெடக்குன்னு எடுத்துப் போட்டேன். ரோடு அப்படித் தெரிஞ்சிச்சு. கண்ணாடியில மழை வழியறதுகூடத் தெரிஞ்சிச்சு. ஆனா ஏத்தத்துல நின்னுருச்சு."

"அதனால எழுநூத்தம்பது," என்றார் தெரேசா.

"பாப்பாவோடது புதுக் கார்டுதானே. புது ஐஸ்பொட்டி வாங்கினா அஞ்சு ஸ்டார் ஒட்டியிருக்கு, கரண்டு கம்மியாத் தின்னும். பழசுதான் அதிகமாத் தின்னும். அப்ப பெரிய பெட்டி பழசுக்குத்தானே போகணும்? மாத்திப் போட்டேன், பாப்பாவோடது நல்லாத்தான் ஆன் ஆச்சு."

கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறவன் வாழ்நாளில் கேட்ட மிக நியாயமான தப்பு அதுவாகத்தான் இருக்கும்.

"அப்பறம் அணைய ஆரம்பிச்சதும்?" ரூபினி கேட்டாள். "அப்பவே தெரியலியாப்பா?"

"மூணாம் நாளே சந்தேகம் வந்துச்சு." அவர் ஸ்டீயரிங்கைத் தொட்டார். "எப்படிம்மா சொல்றது? அறுவத்திரண்டு வயசுல கதவச் சாத்திக்கிட்டு பொம்ம பஸ்ஸு ஓட்டறேன்னு மாப்ள வீட்டுக்காரங்களுக்குத் தெரிஞ்சா என்னா நெனப்பாங்க? மறுபடி மாத்தி வச்சிடலாம்னா, நீ அந்த ரூமை விட்டு எந்திரிக்கவே இல்ல. கத்தினா யாரும் என்னையப் பாக்க மாட்டாங்கன்னு கத்தினேன். கத்தக் கத்த அது பெருசாயிட்டே போச்சு."

சீனிக்கு ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கத்தான் ஆசை. ஒன்றும் வரவில்லை. வராததை மறைக்கச் சுற்றிப் பார்த்தான். அப்போதுதான் அது கண்ணில் பட்டது.

"அக்கா, டிரைவர் ஒருத்தருதானே? எதுக்கு ரெண்டு நாற்காலி?"

டிரைவர் நாற்காலிக்குப் பின்னால் இன்னொன்று. அதன்மேல் பூப்போட்ட மெத்தை. சாய்மானத்தில் ஒரு ஊதாக் கம்பளிச் சட்டை தொங்கியது.

"அது என்னோடது," என்றார் வள்ளியம்மா. பாத்திரமும் கரண்டியும் கையிலேயே இருந்தன. "முப்பது வருசம் ஊரையெல்லாம் ஏத்திக்கிட்டுப் போனாரு. என்னைய ஒரு நாளு ஏத்தினதில்ல. புள்ளைய யாரு பாக்கறது, வீட்ட யாரு பாக்கறது? இப்பத்தான் தெனமும் மூணு மணிக்கு ஈப்போ போயிட்டு வரேன். பெட்டி மாத்தறப்ப டார்ச் லைட்டு புடிச்சவளும் நாந்தான், பயறு கட்டி வச்சவளும் நாந்தான்."

"கம்பளிச் சட்ட எதுக்கு ஆண்ட்டி?"

"ஏர்கான் பஸ்ஸு தம்பி. குளுரும்."

ரூபினி அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் போட்டுக்கொண்டு அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். பகல் முழுக்க ஹெட்போன் மாட்டிக்கொண்டு தவளை வரைந்தவளுக்கு, பக்கத்து அறையிலிருந்து தினமும் பஸ் கிளம்பியது கேட்கவே இல்லை.

பக்கிரிசாமி குனிந்து, எழுநூற்றைம்பதின் திருகுகளைக் கழற்றத் தொடங்கினார். அவர் விரல் திருகைத் தேடித் தடவியது. "எடுத்துட்டுப் போங்க. பாப்பாவோட வேல முக்கியம். எனக்கு ரோடு வேணாம்."

தனேஷ் அவர் பக்கத்தில் மண்டியிட்டான். திருப்புளியை வாங்கிக்கொண்டான்.

"கொஞ்சம் இருங்க," என்றார் தெரேசா. "தனேஷ், உங்க மேலயும் ஒரு குத்தம் இருக்கு."

"என்னாக்கா?"

"அந்தப் பழைய கார்டு எத்தன வருசம் எந்தப் பெட்டியோட ஓடிச்சு?"

தனேஷ் மேசைமேல் கிடந்த பெட்டியை அறை வாசல் வழியாகப் பார்த்தான். பொட்டு வைத்த ஐந்நூறு. "மூணு வருசம். இதோடதான். ஒரு தடவகூட அணைஞ்சதில்ல."

"மூணு வருசம் சண்ட இல்லாம ஓடின ஜோடி. கார்ட இங்க விட்டுட்டுப் பெட்டிய மட்டும் கடைக்குத் தூக்கிட்டுப் போனீங்க. பிரிச்சதுலேர்ந்துதான் எல்லா வம்பும். ஜோடியப் பிரிக்காம இருந்திருந்தா உங்களுக்கும் எனக்கும் இன்னிக்கு வேலையே இல்ல." அவர் தனேஷைப் பார்த்துத்தான் சொன்னார். பக்கிரிசாமிதான் தலையைக் குனிந்துகொண்டார்.

அரை மணி நேரத்தில் எல்லாம் அதனதன் இடத்துக்குப் போயிற்று. எழுநூற்றைம்பது ரூபினியின் அறைக்கு. ஐந்நூறு பக்கிரிசாமியின் பஸ்ஸுக்கு. நானூற்றைம்பதைச் சீனி எடுத்துப் பார்த்தான். ஆபீஸில் கதவு தானாக மூடாமல் இருக்க முட்டுக் கொடுக்கலாம் என்று பைக்குள் போட்டுக்கொண்டான். அதற்கு வாட் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை.

ரூபினி ரெண்டரை அழுத்தினாள். எல்லாரும் கம்ப்யூட்டரைச் சுற்றி நின்றார்கள். நாற்பது. நாற்பத்தொன்று. நாற்பத்து மூன்றில் வள்ளியம்மா கண்ணை மூடிக்கொண்டார். நாற்பத்து நான்கு. விசிறிகள் சத்தமாக ஓடின, தவளை ஓடத்தில் போய்க்கொண்டே இருந்தது. இரண்டு நிமிடம் ஆனதும் ரூபினி தனேஷின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா பக்கத்தில் நிற்பது நினைவு வந்து விட்டுவிட்டாள்.

திரும்பிப் பார்த்தால், பக்கிரிசாமி அங்கே இல்லை.

சுவர்க் கடிகாரத்தில் மூன்று. பக்கத்து அறையில் ஒரு டீசல் எஞ்சின் உறுமியது. மழையில் நனைந்த நெடுஞ்சாலை திரையில் தெளிவாக விரிந்திருந்தது. கண்ணாடியில் வழிந்த தண்ணீரைத் துடைப்பான் தள்ளிக்கொண்டிருந்தது. டிரைவர் இருக்கையில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பின்னால் வள்ளியம்மா கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் சாப்பாட்டு மேசையிலிருந்து இழுத்து வந்த மூன்றாவது நாற்காலி காலியாகக் கிடந்தது.

தனேஷ் வாசலில் தயங்கி நின்றான். உள்ளே போவதா, செருப்பை மாட்டுவதா என்று அவன் கால்களுக்கே தெரியவில்லை.

பக்கிரிசாமி திரும்பவில்லை. ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலேயே பேசினார்.

"கதவச் சாத்திட்டு உக்காரு மாப்ள. வண்டிய எடுக்கணும்."

தனேஷ் கதவைச் சாத்தினான்.